மேலூர் வாசகருக்கு: கார்டு வாங்கும் முன் கேமராவைப் பாருங்கள்

மேலூரில் சிறிய போட்டோ ஸ்டுடியோ நடத்துகிற வாசகர் ஒருவர், பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் விரிவாக எழுதியிருக்கிறார். வயது முப்பத்தாறு. சுற்றுவட்டார ஊர்களின் கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா ஆகியவற்றைப் படம்பிடித்து, எடிட் செய்து கொடுப்பதே பிழைப்பு. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளக்ஸ் 9020 மினி டவர் கணினியை 16,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். ஐ5 4590 பிராசசர், 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. ஃபுல் எச்டியில் படம்பிடித்த காலம் வரை அந்த இயந்திரம் குறை சொல்ல இடமின்றி உழைத்திருக்கிறது.

சென்ற ஆண்டு மாதத் தவணையில் புது மிரர்லெஸ் கேமரா வாங்கி 4கே எடுக்கத் தொடங்கியதும் சிக்கல் ஆரம்பித்தது. எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவில், காட்சிகளை அடுக்கி ஓட்டிப் பார்க்கும் டைம்லைன் நின்று நின்று ஓடுகிறது. இரண்டு மணி நேர வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய, அதாவது எடிட் முடித்து ஒரே கோப்பாக வெளியே எடுக்க, ஓர் இரவு முழுவதும் ஆகிறது. தை முகூர்த்தத்து வீடியோக்கள் இரண்டு வீட்டாருக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. ஒரு வீட்டார் பாக்கித் தொகையில் 3,000 ரூபாயைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். யாரோ சொன்னார்கள் என்று பில் இல்லாமல் 5,500 ரூபாய்க்கு ஜி.டி. 730, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டார், பயனில்லை. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். இப்போது மதுரைக் கடை ஒன்றில் ஐ7 பிராசசர் 6,500, ஆர்.டி.எக்ஸ். 3050 கார்டு 23,000, பவர் சப்ளை 4,500 என்று 34,000 ரூபாய்க்குக் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். நண்பர் ஒருவர் தம்மிடம் உள்ள பழைய ஆர்.எக்ஸ். 580 கார்டை 6,500க்குத் தருவதாகச் சொல்கிறார். எண்பது ரூபாய்க் கேபிள் ஒன்றைப் போட்டால் ஓடிவிடுமாம். மனைவி தன் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைக்கச் சொல்கிறார். எந்த வழியில் போவது, 12ஆம் தலைமுறை ஐ7 போட முடியுமா, ஜி.டி. 730க்குக் கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, வணக்கம்.

உங்கள் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டு, கடைசியில் நீங்கள் இணைத்திருந்த படத்தைப் பார்த்தேன். கேமராவிலிருந்து வந்த ஒரு கோப்பின் விவரங்கள் அடங்கிய படம் அது. அதில் ‘எச்.இ.வி.சி., 10 பிட், 4:2:2’ என்று இருக்கிறது. கடிதம் முழுக்கக் கார்டைப் பற்றியும் பிராசசரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. உங்கள் துன்பத்தின் வேர் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. நீங்கள் 34,000 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால்கூட, டைம்லைன் ஏறக்குறைய இதே போலத்தான் நின்று நின்று ஓடியிருக்கும். அதனால் இந்தப் பதிலை விரிவாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எந்த உறுப்பு களைத்திருக்கிறது?

கேமரா வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கிறது. எச்.264, எச்.இ.வி.சி. என்பவை அப்படிச் சுருக்கும் முறைகளின் பெயர்கள். 8 பிட், 10 பிட் என்பவை நிறத்தை எவ்வளவு நுட்பமாகப் பதிகிறது என்பதைக் குறிக்கிற எண்கள். எடிட் செய்யும்போது ஒவ்வொரு நொடியும் கணினி அந்தச் சுருக்கத்தைப் பிரித்தாக வேண்டும். பிராசசருக்கு உள்ளேயோ கிராபிக்ஸ் கார்டுக்கு உள்ளேயோ இந்த ஒரு வேலைக்காகவே ஒரு தனிப் பகுதி உண்டு. அந்தப் பகுதிக்குத் தெரிந்த சுருக்கமாக இருந்தால் நொடியில் பிரித்துவிடும். தெரியாத சுருக்கம் வந்தால், வேலை முழுவதும் பிராசசரின் பொதுக் கோர்களின் தலையில் விழும். உங்கள் ஐ5 4590 வந்தது 2014இல். அதன் உள்ளே உள்ள கிராபிக்ஸுக்கு எச்.264 தெரியும், 10 பிட் எச்.இ.வி.சி. தெரியாது. நான்கு கோர்களும் மூச்சுப்பிடித்துச் சுமக்கின்றன. அதுதான் நீங்கள் பார்க்கிற திணறல்.

புதுக் கார்டு போட்டால் அது சுமக்குமே என்று நீங்கள் நினைப்பது இயல்பு. இங்கேதான் 4:2:2 குறுக்கே வருகிறது. 4:2:2 என்பது நிறத் தகவலைக் கேமரா எவ்வளவு தாராளமாகச் சேமிக்கிறது என்பதைக் குறிக்கிற எண்; 4:2:0 அதைவிடச் சிக்கனமானது. என்விடியா கார்டுகளில் 4:2:2 வீடியோவைத் தானே பிரிக்கும் திறன் ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான் முதன்முதலாக வந்தது. ஆர்.டி.எக்ஸ். 3050க்கு அது கிடையாது. உங்கள் நண்பரின் ஆர்.எக்ஸ். 580க்கும் கிடையாது. இன்டெலில் 11ஆம் தலைமுறையிலிருந்து, டெஸ்க்டாப் பிராசசரின் உள்ளே இருக்கிற சாதாரண கிராபிக்ஸே இந்த வேலையைச் செய்கிறது. தனியாகக் கார்டே இல்லாத ஒரு புதிய ஐ5 கணினி, 23,000 ரூபாய்க் கார்டு மாட்டிய உங்கள் கணினியைவிட உங்கள் கேமராவின் கோப்புகளை நன்றாகக் கையாளும். கடைக்காரர் உங்களை ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. கேமராவில் என்ன அமைப்பில் எடுக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

ஆகவே முதல் வேலைக்குக் காசு வேண்டாம். கேமராவின் மெனுவுக்குள் போய் 8 பிட், 4:2:0, எச்.264 அமைப்புக்கு மாற்றுங்கள். தரம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். நீங்கள் பென் டிரைவில் கொடுக்கிற வீடியோவும், யூடியூபில் ஏற்றுகிற வீடியோவும் கடைசியில் 4:2:0 ஆகத்தான் வெளியே போகின்றன. நிறத்தை ஆழமாக மாற்றியமைக்கும் வேலைக்கும், பச்சைத் திரை வைத்து எடுக்கும் வேலைக்கும் 4:2:2 உதவும். மண்டப விளக்கில் தாலி கட்டுவதை எடுக்கும்போது, கேமராவிலேயே வெளிச்சத்தையும் வெண்மைச் சமனையும் சரியாக வைத்துவிட்டால், இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை மணமக்களின் வீட்டார் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: 4கே வேண்டும் என்று அவர்கள் கேட்டார்களா? காதுகுத்துக்கு ஃபுல் எச்டியே போதும் என்கிற வீட்டாருக்கு 4கே எடுத்து நீங்கள் ஏன் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும்?

ஏற்கெனவே 4:2:2இல் எடுத்து வைத்திருக்கிற நிகழ்ச்சிகளுக்கு பிராக்ஸி முறையைப் பயன்படுத்துங்கள். பிரீமியரிலேயே அந்த வசதி இருக்கிறது. மூலக் கோப்புகளுக்குச் சிறிய, எளிதில் ஓடக்கூடிய நகல்களை இரவில் உருவாக்கவிட்டுத் தூங்கப் போங்கள். மறுநாள் அந்த நகல்களை வைத்து வெட்டி ஒட்டுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருள் தானாகவே மூலக் கோப்பை எடுத்துக்கொள்ளும். எக்ஸ்போர்ட் நேரம் இதனால் குறையாது, ஆனால் நீங்கள் கணினி முன்னால் உட்கார்ந்து தவிக்கிற நேரம் பெருமளவு குறையும்.

பிறகு ஒரு சோதனை. டைம்லைனை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து சி.பி.யு., மெமரி, டிஸ்க் மூன்றையும் ஐந்து நிமிடம் கவனியுங்கள். உங்களுடையது 8 ஜிபி ராம் என்பதால் மெமரி நிரம்பி வழியும் என்றே எதிர்பார்க்கிறேன். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், ஹார்டு டிஸ்கிலிருந்தே வீடியோவை எடிட் செய்வதுதான் காரணம். உங்கள் டவரில், ஹார்டு டிஸ்கைவிட வேகமான சேமிப்பகமான 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றை மாட்டினால் நொடிக்குச் சுமார் 500 எம்பி வேகத்தில் படிக்கும். உங்கள் ஹார்டு டிஸ்க் 150ஐத் தாண்டினாலே பெரிது. விண்டோஸையும் நடப்பு வேலையையும் எஸ்.எஸ்.டி.யில் வையுங்கள், முடிந்த வேலைகள் பழைய டிஸ்கில் இருக்கட்டும். ராமை 16 ஜிபி ஆக்குங்கள். மதர்போர்டில் நான்கு இடங்கள் இருக்கின்றன, 32 ஜிபி வரை ஏற்கும். பழைய டி.டி.ஆர்.3 ராம்தான் வேண்டும், டி.டி.ஆர்.4 அந்தப் பள்ளத்தில் உட்காரவே உட்காராது.

மூடியைத் திறந்த கையோடு தூசியையும் தட்டிவிடுங்கள். பிராசசர் விசிறியின் அடியில் உள்ள அலுமினியச் சீப்பில் பஞ்சு போலத் தூசி படிந்திருக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், ஓடு வேய்ந்த ஸ்டுடியோவில், சூட்டைக் கடத்துவதற்காகத் தடவிய, பத்து வருடத்துக் காய்ந்த பேஸ்ட்டுடன் அந்த பிராசசர் சூட்டில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தாலும் வியப்பில்லை. பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவ ஐந்து நிமிடம் போதும். இதற்கு முன் செய்திராவிட்டால், தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

நண்பரின் கார்டும் எண்பது ரூபாய்க் கேபிளும்

இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

உங்கள் டவரில் உள்ள பவர் சப்ளை 290 வாட். ஐ5 4590 முழு வேகத்தில் 84 வாட் வரை எடுக்கும். ஆர்.எக்ஸ். 580 எடுப்பது 185 வாட். இரண்டும் சேர்ந்தால் 269. மீதி 21 வாட்டில் போர்டு, ராம், டிஸ்க், விசிறி அத்தனையும் ஓட வேண்டும். பத்து வருடத்துப் பவர் சப்ளை பெட்டியில் எழுதியிருக்கிற அளவைக் கடைசி வாட் வரை இன்றும் தரும் என்று நம்பவும் முடியாது.

கேபிள் இன்னும் ஆபத்தானது. ஆர்.எக்ஸ். 580க்கு 8 முனைத் தனி மின் இணைப்பு வேண்டும். அது 150 வாட் கடத்துவதற்கென்று வகுக்கப்பட்டது. நண்பர் சொல்லும் கேபிள், ஹார்டு டிஸ்குக்குப் போகிற சாட்டா இணைப்பிலிருந்து மின்சாரத்தை இழுத்து அந்த 8 முனைக்குத் தருவது. சாட்டா இணைப்பின் 12 வோல்ட் முனைகள் தாங்குவது 54 வாட். அதற்கு மேல் இழுத்தால் பிளாஸ்டிக் இளகும். இப்படி உருகி ஒட்டிக்கொண்ட இணைப்புகளை என் மேசையில் பிரித்திருக்கிறேன். ஒரு முறை கணினியின் சொந்தக்காரர் வருத்தப்பட்டது கார்டுக்காக அல்ல. பக்கத்தில் இருந்த ஹார்டு டிஸ்கும் சேர்ந்து போய்விட்டது. அதில் அவருடைய வாடிக்கையாளர் ஒருவரின் திருமண வீடியோ இருந்தது. மறுபடி எடுக்க முடியாத காட்சிகள் அவை. உங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய இழப்பு இல்லை.

அந்தக் கார்டின் பூர்வீகத்தையும் யோசியுங்கள். ஆர்.எக்ஸ். 580, எத்திரியம் என்ற மின்னணு நாணயத்தைக் கணினியின் கணக்கீட்டால் சம்பாதிக்கும் மைனிங்குக்குப் பெயர்போன கார்டு. 2022 செப்டம்பரில் எத்திரியம் அந்த முறையைக் கைவிட்டபோது, இரவு பகலாக உழைத்த கார்டுகள் பழைய பொருள் சந்தையில் வந்து குவிந்தன. உங்கள் நண்பர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்கு விற்றவர் யார் என்று அவருக்குத் தெரியுமா?

கடைக்காரர் சொன்ன புதுப் பவர் சப்ளை இதற்குத் தீர்வாகாதா என்று கேட்பீர்கள். உங்கள் போர்டில் வழக்கமான 24 முனை இணைப்பு கிடையாது. டெல் தனக்கென்று வைத்துக்கொண்ட 8 முனை இணைப்பு இருக்கிறது. கடையில் கிடைக்கும் பவர் சப்ளையை நேராகச் செருக முடியாது. 24 முனையை 8 ஆக்கும் தரமான மாற்றிக் கேபிள்கள் இருக்கின்றன. நானும் போட்டுக்கொடுத்திருக்கிறேன், ஓடுகின்றன. ஆனால் 4,500 ரூபாய் கேட்டவர் அந்த மாற்றியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மூடியைத் திறந்து போர்டைப் பார்க்காமலே விலை சொல்லியிருக்கிறார் என்பது அதிலிருந்து தெரிகிறது.

ஒரே பெயரில் இரண்டு கார்டுகள்

ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற பெயரில் இரண்டு பொருள்கள் விற்பனையில் இருக்கின்றன. 8 ஜிபி கார்டு 130 வாட் எடுக்கும், தனி மின் இணைப்பு கேட்கும். 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி கார்டு 70 வாட்தான் எடுக்கும். போர்டில் கார்டைச் செருகும் பள்ளமே 75 வாட் வரை தரும் என்பதால், தனிக் கேபிள் தேவையில்லை. வேகத்தில் 8 ஜிபி கார்டு மேல்தான். உங்கள் டவருக்குப் பொருந்துவது 6 ஜிபி கார்டு மட்டுமே. உங்களுக்கு விலை சொன்னது எந்தக் கார்டுக்கு என்று கடிதத்தில் இல்லை; பவர் சப்ளையும் சேர்த்துச் சொன்னதால் 8 ஜிபியாகத்தான் இருக்க வேண்டும்.

ஜி.டி. 730 விஷயத்தில் நீங்கள் வழுக்கியதும் இப்படித்தான். 4 ஜிபி என்ற எண்ணைப் பார்த்துவிட்டீர்கள். ஜிபி என்பது கார்டின் நினைவகம். குடத்தின் கொள்ளளவு மாதிரி. எத்தனை பேர் தண்ணீர் இறைக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. ஜி.டி. 730க்கு என்விடியா 2024க்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள்கூட வெளியிடவில்லை. அதைக் கழற்றிவிட்டு, மானிட்டரைப் போர்டிலேயே செருகுங்கள். எச்.264 வீடியோவைப் பிரிக்கத் தெரிந்த இன்டெல் கிராபிக்ஸ் அப்போதுதான் வேலைக்கு வரும்.

மின்சாரம் குறைவாக எடுக்கும் என்று ஆர்.எக்ஸ். 6400ஐ யாராவது கைகாட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 53 வாட்தான், உண்மை. ஆனால் அதில் வீடியோவைச் சுருக்கி வெளியேற்றும் பகுதியே இல்லை. எடிட்டருக்கு அது கையில்லாத வேலைக்காரன். இன்டெலின் ஆர்க் கார்டுகள் 10ஆம் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தைய கணினிகளுக்கும் உரியவை. உங்கள் போர்டுக்கு ஒத்துவராது.

6 ஜிபி 3050 உங்களுக்கு என்ன தரும்? எக்ஸ்போர்ட்டைச் சுருக்கும் வேலையை அது ஏற்றுக்கொள்ளும். நிறத் திருத்தம், எழுத்துகள், மாற்றக் காட்சிகள் எல்லாம் இலகுவாக ஓடும். 4:2:0 வீடியோவை, 10 பிட் எச்.இ.வி.சி. உட்பட, தானே பிரிக்கும். கேமராவின் அமைப்பை மாற்றிய பிறகு, எக்ஸ்போர்ட் இன்னும் நேரம் எடுக்கிறது என்று தோன்றினால் வாங்குங்கள். வாங்கப் போகும்போது டவருக்குள் உள்ள இடத்தை நாடாவால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். ஒற்றை விசிறி வைத்த குட்டைக் கார்டாகப் பாருங்கள். அதில் பழைய வி.ஜி.ஏ. இணைப்பு இருக்காது என்பதால், உங்கள் மானிட்டரின் பின்புறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கார்டு மாட்டுவதற்கு முன், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பிப்பது நல்லது. யு.பி.எஸ்.ஸில் வைத்துச் செய்யுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்திருக்கிற நாளில் செய்யாதீர்கள். பாதியில் மின்சாரம் போனால் போர்டு திரும்ப எழாமலே போகலாம்.

12ஆம் தலைமுறை ஐ7

அது முடியாது. ஐ7 என்பது ஒரு வரிசையின் பெயர். ஒவ்வொரு தலைமுறையிலும் ஓர் ஐ7 உண்டு. உங்கள் போர்டின் பிராசசர் பள்ளத்தில் இருப்பது 1150 தொடுமுனைகள். 10ஆம் தலைமுறைக்கு 1200, 12ஆம் தலைமுறைக்கு 1700. கடைக்காரர் 6,500க்குச் சொன்ன ஐ7, உங்கள் போர்டு ஏற்கும் ஐ7 4790 ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதுவும் 2014இல் வந்ததே. புதிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய கணினியிலிருந்து கழற்றியதாகவே இருக்கும்.

அதனால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். கோர் நான்குதான் என்றாலும், ஒரே நேரத்தில் எட்டு வேலைகளை எடுத்துக்கொள்ளும். உங்கள் ஐ5 எடுப்பது நான்கு. மின்சாரமும் அதே 84 வாட்தான். எக்ஸ்போர்ட்டில் வித்தியாசம் தெரியும். ஆனால் 10 பிட் எச்.இ.வி.சி. அதற்கும் தெரியாது. அடோபி தன் பிரீமியருக்குச் சொல்லும் குறைந்தபட்சத் தேவை இன்டெல் 6ஆம் தலைமுறை. உங்கள் கணினி ஏற்கெனவே அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது 8ஆம் தலைமுறை. ஐ7 போட்டாலும் இந்த இரண்டு கதவுகளும் திறக்கப் போவதில்லை.

வாடகை வீட்டில் இருக்கிறவர் மின்விசிறி வாங்கி மாட்டுவார். வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போவார். அதே வீட்டுக்குத் தன் செலவில் தரைக்கு டைல்ஸ் பதிக்க மாட்டார். உங்கள் டவரை வாடகை வீடாக நினைத்துச் செலவு செய்யுங்கள். எஸ்.எஸ்.டி.யும் 6 ஜிபி கார்டும் மின்விசிறி. நாளை புதுக் கணினிக்குக் கழற்றிக்கொண்டு போகலாம். ஐ7 4790உம் டி.டி.ஆர்.3 ராமும் டைல்ஸ். ராமுக்கான செலவு சிறியது, இன்றைய அவசரத்துக்கு வேண்டியது. அதை மட்டும் ஏற்கிறேன். ஐ7ஐ நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாங்க மாட்டேன்.

கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்தால்

“தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் மன்றம் எனக்குப் பொருந்தாது” என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த எண்ணம் பலருக்கும் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அது தவறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குகிறவரை விலக்குவது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து, அதன் மூலம் தன் வாழ்க்கையை நடத்துவதற்காக மட்டும் ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. நீங்களே கேமரா பிடித்து, நீங்களே எடிட் செய்து குடும்பம் நடத்துகிறவர். அந்த விளக்கத்துக்குள் வருகிறீர்கள்.

அதே சட்டத்தின்படி, விற்ற பொருளுக்குப் பில் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று சுவரில் எழுதி வைத்திருப்பதால் இந்தப் பொறுப்பு நீங்கிவிடாது.

ஆனாலும் ஜி.டி. 730 விஷயத்தில் உங்களுக்கு அதிக நம்பிக்கை தர எனக்கு மனம் வரவில்லை. கார்டு பழுதில்லை, உங்கள் வேலைக்குப் போதாது, அவ்வளவுதான். ‘4கே எடிட்டிங்குக்கு ஏற்றது’ என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் கதை வேறு. அந்தச் செய்தியும், நீங்கள் யு.பி.ஐ.யில் பணம் அனுப்பிய பதிவும் கையில் இருந்தால், முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள். அதில் தீராவிட்டால், வாங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. எழுத்தில் எதுவும் இல்லை என்றால், அந்த 5,500க்காக வேலை நாள்களை இழந்து மாட்டுத்தாவணிக்கும் மேலூருக்கும் அலைய வேண்டாம் என்பதே என் கருத்து. வழக்கு என்ற அளவில் ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி வாங்கும் எந்தப் பொருளுக்கும் ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். அதில் கார்டின் முழுப் பெயரும் 6 ஜிபி என்ற அளவும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். பில் போட்டால் விலை கூடும் என்பார்கள். கூடட்டும், கார்டு நின்றுபோகிற நாளில் வாரண்டி கேட்க அந்தத் தாள்தான் துணை. பழைய கார்டாக வாங்கினால் ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டுப் பாருங்கள். பெயர் மாற்றி விற்கும் போலிக் கார்டுகளை அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

சங்கிலியைப் பற்றி

சங்கிலி பெட்டியிலேயே இருக்கட்டும். பத்து வருடத்துக் கணினிக்காக நகையை அடகு வைத்து வட்டி கட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் மனைவி அதை எடுத்து நீட்டியது உங்கள் மீதுள்ள அக்கறையால். கேமராவின் மெனுவில் ஓர் அமைப்பை மாற்றினால் பாதிச் சிக்கல் தீரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த மாதம் கேமரா அமைப்பு, பிராக்ஸி, தூசி. கையில் இருக்கும் பணத்தில் எஸ்.எஸ்.டி.யும் ராமும். அடுத்த முகூர்த்தக் காலத்தை இதை வைத்தே ஓட்டிவிடலாம். வரும் வருமானத்தில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வையுங்கள். ஆடியில் உங்களுக்கு வேலை குறைவு; அப்போது மதுரைக்கு வந்து ஐ5 12400 பிராசசர் வைத்த ஒரு கணினியைச் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். ஆறு கோர், 4:2:2 எச்.இ.வி.சி.யைப் பிரிக்கத் தெரிந்த கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது; விண்டோஸ் 11 ஏற்கும். வாங்கும்போது பெயரின் கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்து இல்லாததைப் பார்த்து வாங்குங்கள். 12400எஃப் சில நூறு அல்லது ஆயிரம் ரூபாய் குறைவாக இருக்கும்; உங்களுக்கு வேண்டிய அந்த உள் கிராபிக்ஸ் அதில் இருக்காது. எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளுங்கள். பழைய டவர் ஆல்பம் வடிவமைப்புக்கும், முடிந்த வீடியோக்களின் இரண்டாவது நகலை வைக்கவும் ஸ்டுடியோவிலேயே இருக்கட்டும்.

அடுத்த நிகழ்ச்சியின் முதல் பத்து நிமிடத்தை மட்டும் 8 பிட் 4:2:0 எச்.264இல் எடுத்து, ஜி.டி. 730 இல்லாமல் டைம்லைனில் போட்டுப் பாருங்கள். ஓடும்போது டாஸ்க் மேனேஜரைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். கார்டு வாங்குவதா வேண்டாமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.